முதல் இன்டர்னலில் 17 மார்க்: தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர் இன்ஜினியரிங்கில் தாக்குப்பிடிக்க முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்தவர். கணக்கில் 90க்கு மேல் வாங்கியவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, 2021 ரெகுலேஷனில் (அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட, தேர்வு விதிகள்) முதல் செமஸ்டர் படிக்கிறார். ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ பாடத்தில் முதல் இன்டர்னலில், அதாவது செமஸ்டர் நடுவில் கல்லூரியே வைக்கும் தேர்வில், 100க்கு 17. வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்வதைப் புரிந்துகொள்வதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்கள். எப்படிப் பாஸ் பண்ணுவது, வீட்டில் சொல்லலாமா, இல்லை இப்போதே ஒரு ஆர்ட்ஸ் காலேஜுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: நான் இந்த இடத்துக்கு லாயக்கானவனா, இல்லையா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பல வருடங்களாக இன்ஜினியரிங் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணக்கு எடுத்து வருகிறேன். உங்களைப் போலத் தமிழ் வழியில் வந்தவர்கள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அதனால் கணக்கைப் பற்றியும் முதல் செமஸ்டர் குழப்பத்தைப் பற்றியும் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும். உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. மன அழுத்தத்துக்கு ஆலோசனை சொல்லும் பயிற்சியும் எனக்கு இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ப்ளஸ் டூவில் 90க்கு மேல் வாங்கியவர் சில மாதத்தில் 17க்கு இறங்குகிறார் என்றால், அதற்குள் மூளை மழுங்கிவிடவில்லை. பரீட்சையின் அமைப்பே மாறிவிட்டது. ப்ளஸ் டூ கணக்குத் தாளை நினைத்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90 மார்க். அதில் 20 மார்க் ஒரு மதிப்பெண் கேள்விகள், நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் தலா 10 கேள்வி கொடுத்து 7 எழுதச் சொல்வார்கள். ஐந்து மார்க் கேள்வி ஏழு, எல்லாம் ‘அல்லது’ போட்டு வரும். இந்தத் தாளுக்கு ஒரு வருடம் முழுக்கத் தயாரானீர்கள். வாரத்துக்கு வாரம் டெஸ்ட், காலையில் ஸ்பெஷல் கிளாஸ், கடைசி இரண்டு மாதம் முழுக்கத் திருப்புதல் தேர்வு. இங்கே செமஸ்டர் தாளில் 100 மார்க்கில் 20 மார்க் இரண்டு மதிப்பெண் கேள்விகள், பத்தும் எழுத வேண்டும். மீதி 80ம் ஐந்து பெரிய கணக்கு, ஒவ்வொன்றும் 16 மார்க், ஒரு யூனிட்டுக்கு ஒன்று. ‘அல்லது’ உண்டுதான், ஆனால் அதுவும் அதே யூனிட்டுக்குள். பிடிக்காத யூனிட்டை விட்டுவிட்டு வேறு யூனிட்டில் இரண்டு எழுத முடியாது. இந்த ஐந்து யூனிட்டையும் ஏறத்தாழ 15 வாரத்தில் முடிக்கிறார்கள். பள்ளியில் பத்து முறை பார்த்த கணக்கை இங்கே ஒரு முறைதான் போர்டில் பார்ப்பீர்கள். மீதி ஒன்பது முறையை நீங்களாகத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இதை யாரும் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகளும் முதல் இன்டர்னலில் விழுவது இதனால்தான். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் 50க்குக் கீழே என்று விசாரித்துப் பாருங்கள். நீங்கள் மட்டும் தனியாக நிற்கவில்லை என்பது தெரியும்.

உங்களுக்கு இதன் மேல் ஆங்கிலமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போட்டுவிடாதீர்கள், அப்படிப் போட்டால் சரிசெய்யக்கூடியதையும் சரிசெய்யாமல் விட்டுவிடுவீர்கள். முதலில் விடைத்தாளைக் கையில் வாங்குங்கள். இன்டர்னல் தாளை மாணவரிடம் கொடுத்துக் காட்டுவது வழக்கம்தான், தயங்காமல் கேட்கலாம். போன 83 மார்க்கையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கேள்வி என்ன கேட்கிறது என்றே புரியாமல் விட்டது எவ்வளவு? கேள்வி புரிந்தும் முறை தெரியாமல் விட்டது எவ்வளவு? முறை தெரிந்து, நடுவில் கூட்டல் கழித்தலில் தப்பாகியோ, நேரம் போதாமலோ போனது எவ்வளவு? என் அனுபவத்தில் மாணவர்கள் முதல் வகையை மிகப் பெரிதாக நினைத்துக்கொண்டு வருவார்கள். தாளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதிகமாக இருக்கும். உங்கள் தாளில் வேறு மாதிரி இருக்கலாம். இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த இன்டர்னலுக்குப் படிக்கத் தொடங்க வேண்டாம்.

மூன்றாவது வகைக்கு ஒரு கணக்கை எடுத்துக் காட்டுகிறேன். முதல் யூனிட்டில் அடிக்கடி வரும் மேட்ரிக்ஸ் இது. முதல் நிரை 8, −6, 2. இரண்டாவது நிரை −6, 7, −4. மூன்றாவது நிரை 2, −4, 3. இதற்கு ஐகன் மதிப்புகள், அதாவது அடுத்து வரும் சமன்பாட்டில் λவின் மதிப்புகள், கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாடு λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0. S₁ என்பது மூலைவிட்டத்தில் உள்ளவற்றின் கூட்டல்: 8 + 7 + 3 = 18. S₂ மூன்று சின்ன அணிக்கோவைகளின் கூட்டல்: (56 − 36) + (24 − 4) + (21 − 16) = 45. S₃ முழு அணிக்கோவை, அது 0 வரும். ஆக λ³ − 18λ² + 45λ = 0, விடை 0, 3, 15. சரி, இதில் எங்கே வழுக்குகிறது? −6ஐ −6ஆல் பெருக்கினால் +36, அதை 56இலிருந்து கழிக்க வேண்டும். அவசரத்தில் குறியைக் குழப்பி 56 + 36 = 92 என்று எழுதுபவர்கள் ஏராளம். அப்படி எழுதினால் S₂ 117 ஆகிவிடும். அப்புறம் ஒரு λஐ வெளியே எடுத்தால் λ² − 18λ + 117 = 0 என்று வந்து நிற்கும். 18²ஆன 324இலிருந்து 4 × 117ஆன 468ஐக் கழித்தால் குறை எண், மூலங்கள் கலப்பெண் ஆகிவிடும். அந்த இடத்தில் நிறையப் பேர் பயந்து கணக்கையே அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒரு துப்புக் கிடைக்கிறது. கொடுத்த மேட்ரிக்ஸ் சமச்சீரானது, மூலைவிட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்கள். மெய்யெண்களாலான சமச்சீர் அணிக்கு ஐகன் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்கள்தான். இதையே இரண்டு மார்க்கிலும் கேட்பார்கள். இது தெரிந்தவர் கலப்பெண் வந்ததும், எனக்கு இந்தக் கணக்கு வராது என்று நினைக்க மாட்டார், குறியில் எங்கோ தப்பு என்று திரும்பிப் போய் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். கடைசியில் 0 + 3 + 15 = 18, S₁ஓடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். தேற்றத்தைப் படிப்பது இதற்கெல்லாம் உதவும் என்பதை நாங்கள் வாத்தியார்கள் வகுப்பில் போதுமான அளவு சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது மொழிக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்: உங்கள் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப் புத்தகங்கள். இந்த செமஸ்டர் பாடத்தில் இரண்டாவது யூனிட்டில் வரும் எல்லை, தொடர்ச்சி, வகைக்கெழு, பெருமம் சிறுமம் எல்லாம் நீங்கள் தமிழில் போட்ட கணக்குகள். மூன்றாவது யூனிட்டில் பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று மிரட்டுவது ப்ளஸ் டூ எட்டாவது பாடத்தில் வந்த பகுதி வகைக்கெழுதான். ஹோமோஜீனியஸ் ஃபங்ஷனுக்கான ஆய்லர் தேற்றமும் அதே பாடத்தில் சமபடித்தான சார்புக்கு அடுத்து இருக்கிறது. நான்காவது யூனிட்டில் பிரதியிடல் முறை, பகுதித் தொகையிடல் எல்லாம் ப்ளஸ் ஒன் தொகை நுண்கணிதம். முதல் யூனிட்டில் ஐகன் மதிப்பும் கெய்லி–ஹாமில்டன் தேற்றமும் புதிது. ஆனால் அதற்குத் தேவையான அணிக்கோவை, நேர்மாறு, ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். முழுக்கப் புதிது என்றால் ஜக்கோபியன், லக்ராஞ்சியின் பெருக்கி முறை, அப்புறம் ஐந்தாவது யூனிட்டில் இரட்டை, மும்மைத் தொகையீடுகள். ஆக, உங்களுக்கு அந்நியமாகத் தெரியும் பாடத்தில் பாதிக்கும் மேல் நீங்கள் ஏற்கெனவே மார்க் வாங்கிய பாடம். பெயர் மாறி வந்திருப்பதால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுமே பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் பாடமும் எடுத்துக்காட்டுகளும் ஒரே வரிசையில்தான் இருக்கும். நீங்கள் தமிழில் போட்ட அதே கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கணக்கு தெரிந்ததாக இருப்பதால் முழுக் கவனமும் வார்த்தையின் மேல் போகும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கலைச்சொற்கள் பட்டியலையும் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு முப்பது நாற்பது சொல்லுக்கு மேல் தேவைப்படாது. நோட்டில் இடது பக்கத்தைக் காலியாக விட்டு, வலது பக்கம் மட்டும் வகுப்பில் எழுதச் சொல்லி என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வேன். அன்று இரவே இடது பக்கத்தில், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்று தமிழில் எழுத வேண்டும். எழுத முடியாமல் நின்ற வரிக்கு நேராக ஒரு பெருக்கல் குறி. மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு அந்தக் குறி போட்ட பக்கத்தோடு வந்தால் போதும்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வழி மாணவர்கள் இங்கேதான் அதிகம் ஒதுங்குகிறார்கள். “சார், ஒண்ணுமே புரியல” என்று வந்து நிற்கும் பையனுக்கு உதவ எனக்கு ஆசை இருந்தாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. “சார், இந்த வரியில இருந்து இந்த வரி எப்படி வந்துச்சு?” என்று நோட்டைக் காட்டுகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். தமிழிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஒருவர் எரிந்து விழுந்தால் அடுத்த செக்‌ஷனுக்கு எடுக்கும் இன்னொரு கணக்கு ஆசிரியரிடம் போங்கள், அதில் தப்பே இல்லை. வகுப்புக்கு முந்தின இரவு அடுத்த நாள் வரப்போகும் தலைப்பை இருபது நிமிடம் தமிழில் படித்துவிட்டு வந்தால், அதே ஆங்கில விளக்கம் வேறு மாதிரி காதில் விழும். இதை முயன்று பார்த்தவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

பரீட்சையில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற பயம் கணக்கைப் பொறுத்தவரை தேவையில்லாதது. ஒரு 16 மார்க் விடையில் வரும் ஆங்கில வாக்கியங்கள் நாலைந்துதான், அவையும் எல்லா வருடமும் ஒன்றேதான். ‘தி கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் இஸ்’, ‘பை கெய்லி ஹாமில்டன் தியரம்’ மாதிரி. அவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துப் பழகிவிடலாம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில்தான் மொழி நிஜமாகவே இடிக்கும். அங்கே பாரா பாராவாக உருப்போட வேண்டாம், நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் போய்விடும். படம், சூத்திரம், அதில் உள்ள குறியீடுகளுக்கு அர்த்தம், அப்புறம் ஒவ்வொரு கருத்தையும் ஏழெட்டு வார்த்தையில் ஒரு சின்ன வாக்கியம். இலக்கணத் தப்புக்காக மார்க் குறைப்பது எங்கள் வழக்கம் இல்லை. பைத்தானுக்குத் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று வித்தியாசமே இல்லை. ப்ரோக்ராமை நீங்களே டைப் அடித்து, வரும் எரரை நீங்களே சரிசெய்யுங்கள். பக்கத்து சிஸ்டத்தில் இருந்து காப்பி எடுத்தால் லேப் அன்றைக்கு முடிந்துவிடும், ஆனால் தியரி பேப்பரில் கையால் எழுத வேண்டி வரும்போது கை ஓடாது.

எப்படிப் படிப்பது என்பதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நிச்சயமானது இது: புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதுதான் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிற்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்ட்டில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு நோட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, ஹாலில் கை நின்றுபோவது இதனால்தான். 2013இல் டன்லோஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசிய கட்டுரையிலும் முதல் தரத்தில் வைத்தவை இரண்டு: தனக்குத் தானே டெஸ்ட் வைத்துக்கொள்வது, ஒரே நாளில் குவிக்காமல் நாட்களைப் பிரித்துப் படிப்பது. கலர் பேனாவால் அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் கீழே போய்விட்டன. கணக்கில் இதன் அர்த்தம் எளிது. தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். விடையை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போடுங்கள். மாட்டிக்கொண்டால் ஒரே ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கு, அடுத்த வாரம் இன்னொரு முறை.

சந்தேகமானவையும் உண்டு. நான் பார்த்துப் படிக்கிற ஆள், நீ கேட்டுப் படிக்கிற ஆள் என்று பிரித்துச் சொல்கிறார்களே, அந்தப் பிரிவின்படி படித்தால் மார்க் கூடும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. லேப்டாப்பில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எழுதுவது மேல் என்பதற்கு ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. கணக்குக்குக் கை பழக வேண்டும் என்பதால் நான் கையால் எழுதச் சொல்கிறேன், அது என் அபிப்பிராயம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் மண்டையில் ஏறும் என்பதையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். காலேஜ் பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் போகிற பிள்ளை, இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் வகுப்பில் தூங்கத்தான் செய்யும். தூக்கத்தை வெட்டிப் படிப்பது நஷ்டம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாஸ் மார்க் விஷயத்தை எண்ணாகவே பார்த்துவிடலாம், பயம் பாதி குறையும். 2021 ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 வர வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாகக் குறைந்தது 45 சதவீதம் எடுக்க வேண்டும். இன்டர்னலில் 40க்கு 20 இருந்தால் செமஸ்டர் தாளில் 100க்கு 50 தேவை. 15தான் இருக்கிறது என்றால் 59 தேவைப்படும். 25 இருந்தால் 45 போதும். அந்த 40ம் எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து வருவதில்லை, அசைன்மென்ட் போன்றவற்றுக்கும் அதில் நல்ல பங்கு உண்டு. இரண்டாவது இன்டர்னலும் மீதி இருக்கிறது. ஆக 17ஐ வைத்து இன்டர்னலே போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. அசைன்மென்ட்டை டாப்பரிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதும் பழக்கம் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. அதில் உள்ள கணக்குகளே பெரும்பாலும் செமஸ்டரில் வருகிற மாதிரிக் கணக்குகள். நேரம் போட்டு நீங்களே போடுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வருகைப் பதிவு 75 சதவீதம் தேவை, மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை அனுமதி உண்டு. புரியவில்லை என்பதற்காக வகுப்புக்குப் போகாமல் இருப்பது இரண்டு பக்கமும் அடி. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புதிய ரெகுலேஷனிலும் இந்த எண்கள் வேறாக இருக்கலாம் என்பதால், இதைப் படிக்கிற மற்றவர்கள் தங்கள் ரெகுலேஷனை ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

எந்த யூனிட்டில் தொடங்குவது என்றால், உங்களுக்கு நான் சொல்வது இரண்டு, மூன்று, அப்புறம் ஒன்று. பள்ளியோடு தொடர்பு உள்ளவை முதலில், நம்பிக்கை வரும். ஒரு யூனிட்டுக்கு ஒரு 16ம் இரண்டு 2 மார்க்குமாக 20 மார்க் என்று வையுங்கள். மூன்று யூனிட் உறுதியாகத் தெரிந்தால் 60க்கு எழுதுகிறீர்கள், அதில் 45, 50 என்பது எட்டக்கூடிய தூரம். ஆனால் மூன்று யூனிட் போதும் என்று நிறுத்திவிடச் சொல்லும் சீனியர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒரு 16 மார்க் சொதப்பினாலும் கதை முடிந்தது. நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் வரிசை மாற்றித் தொகையிடுவதற்குப் படம் வரையப் பழகினாலே ஒரு பகுதி மார்க் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஷ்யூர் கொஸ்டின்’ பட்டியலைவிட, கடைசி நாலைந்து வருடத் தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்ப்பது நிஜமான தயாரிப்பு.

இத்தனையும் செய்தும் அரியர் விழலாம். விழாது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். விழுந்தால் அடுத்த செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுதலாம். முதல் வருடக் கணக்கில் அரியர் வைத்து, பிறகு அதைக் கிளியர் பண்ணி, நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். சில கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும்போது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள், சில கம்பெனிகள் ஒரு முறை கூட அரியர் வைத்திருக்கக் கூடாது என்பார்கள். ஆகவே அது ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அரியரைச் சேர விடுவதுதான் ஆபத்து. இரண்டாவது செமஸ்டர் கணக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸும் நியூமெரிக்கல் மெத்தட்ஸும், முதல் செமஸ்டரில் தோற்றவர்கள் பலர் அதில் நன்றாகவே எழுதுகிறார்கள். செமஸ்டர் தாளில் மார்க் குறைந்துவிட்டது என்று உண்மையிலேயே தோன்றினால் விடைத்தாள் நகல் கேட்டு, ஆசிரியரிடம் காட்டி, அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

தமிழ் வழியில் வந்தவர்கள் இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் பாடத்தை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தது. ஆனால் நான் பார்ப்பது தொடர்ந்து வகுப்பில் இருந்தவர்களை. நடுவில் நின்று போனவர்கள் என் கண்ணில் படுவதில்லை, அதனால் இதை ஆய்வு முடிவு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இருந்தவர்கள் எல்லோரும் மேதைகள் இல்லை, கேட்க வெட்கப்படாதவர்கள். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் கணக்குப் போட்டு மற்றவருக்குத் தமிழில் விளக்கும் குழுக்கள் தேறிவிடுகின்றன. உங்கள் கல்லூரியில் அதே ஒதுக்கீட்டில் வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் இரண்டாம் ஆண்டில் இருப்பவர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள், அவர் நோட்டு எந்த கைடையும்விட உங்களுக்கு உதவும்.

மாறிவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முதல் இன்டர்னலை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு இன்ஜினியரிங் பிடிக்கவில்லையா, இல்லை இப்போது தோற்கிறோம் என்பது பிடிக்கவில்லையா என்று இந்த மாதத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு செமஸ்டர் முடிந்த பிறகும் லேபில் கூட மனசு ஒட்டவில்லை, வேறொரு படிப்பு உங்களை இழுக்கிறது என்றால், அப்போது மாறுவதில் எந்த அவமானமும் இல்லை. ஆர்ட்ஸ் காலேஜ் ஒன்றும் தோற்றவர்கள் போகும் இடமல்ல. அங்கேயும் கணக்கு, ஃபிசிக்ஸ் எடுத்தால் இதே ஆங்கிலம்தான் காத்திருக்கும். அதோடு இந்த ஒதுக்கீட்டில் உங்கள் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2021இல் சட்டம் போட்டு ஒதுக்கிய இடம். நீங்கள் யாருடைய இடத்திலும் போய் உட்காரவில்லை.

இரவில் தூக்கமே வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணம் வருகிறது என்றால் அது கணக்கு வாத்தியார் பதில் சொல்லும் விஷயம் இல்லை. அப்போது தாமதிக்காமல் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் வகுப்பு ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மார்க் லிஸ்ட்டைப் பார்ப்பதைவிட இதைக் கேட்பதுதான் எங்களுக்கு முக்கியமான வேலை.

வீட்டில் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். அப்பா அம்மா காலேஜ் போகாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 17 என்ற எண்ணை மட்டும் சொன்னால் அவர்கள் ஃபெயில் என்றுதான் புரிந்துகொள்வார்கள், மெசேஜில் கல்லூரியே அனுப்பி அவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் இன்னும் கலங்கிப்போவார்கள். அதனால் நீங்களே முந்திக்கொண்டு, இது நடுவில் வைக்கும் டெஸ்ட், பெரிய பரீட்சை இனிமேல்தான் என்று விளக்குங்கள். அது எந்த மாதம் என்பதையும், அதற்குள் இன்னொரு டெஸ்ட் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.